தலையாட்டக் கூடாத வேலை

கதவைத் தட்டிப் பிழைக்கிற தொழில்கள் ஊரில் எத்தனையோ உண்டு, ஆனால் உள்ளே போய் உட்கார்ந்து, ஒரு வாய் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, "உங்கள் வீட்டுக்காரரைத் தவிர வேறு யார் மேலாவது மனசு போயிருக்கிறதா?" என்று கேட்டு, அடி வாங்காமல் வெளியே வருகிறவர்கள் நாங்கள் மட்டும்தான்.

மீட்டர் பார்க்கிறவர்கள், கணக்கெடுக்கப் போகிறவர்கள், தண்ணீர் வடிகட்டி விற்கிறவர்கள் யாராவது இதைப் படித்துக்கொண்டிருந்தால் என் கஷ்டம் புரியும். எங்கள் மேடம் மனோதத்துவம் படித்தவர். கல்யாணமானவர்களின் மனசு வெளியே சாய எவ்வளவு இடமிருக்கிறது என்று அளப்பதற்காக ஒரு கேள்வித்தொகுப்பு தயார் செய்துகொண்டிருக்கிறார். ஹைதராபாத்தின் தெலுங்கு வீடுகளுக்கும் உருது வீடுகளுக்கும் வேறு ஆட்கள் இருக்கிறார்கள். தமிழ் வீடுகள் எனக்கும் சேகருக்கும். சேகர் என்னைவிட நாலைந்து வயது சின்னவர், தலைமுறை தலைமுறையாகச் செகந்திராபாத்வாசி. அவர் பேசுகிற தமிழைத் தஞ்சாவூரில் பேசினால் கூடவே ஒரு மொழிபெயர்ப்பாளரும் போக வேண்டியிருக்கும்.

இந்த வேலையில் சில கட்டுப்பாடுகள் உண்டு. கணவனை ஆண்தான் கேட்க வேண்டும், மனைவியைப் பெண்தான். ஒருவர் பதில் இன்னொருவர் காதில் விழக் கூடாது. அதனால் நாங்கள் ஜோடியாகத்தான் போவோம். அடுத்தது, எதைப் பற்றிக் கேட்கிறோம் என்பதை, பதில் சொல்லச் சம்மதித்தவர்களைத் தவிர வேறு யாரிடமும் மூச்சுவிடக் கூடாது, சொந்த வீட்டில்கூட. விஷயம் பரவிவிட்டால் ஆளுக்கொரு பதிலை நெட்டுருப்போட்டு வைத்துக்கொள்வார்கள் என்பது மேடத்தின் பயம். (உங்களைப் போன்ற சக தொழிலாளிகளுக்கு மட்டும், அடையாளங்களை மாற்றி இதை எழுத மேடம் பிற்பாடுதான் அனுமதி கொடுத்தார்.) எல்லாவற்றையும்விடக் கஷ்டமானது கடைசிக் கட்டுப்பாடு. அவர்கள் பேசும்போது நாம் தலையாட்டக் கூடாது, 'ம்' கொட்டக் கூடாது. நாம் ஒப்புக்கொள்வதாக நினைத்துப் பதிலைக் கூட்டிச் சொல்லிவிடுவார்களாம். 'ம்' கொட்டாமல் ஒரு பெண்ணிடம் குடும்பக் கதை கேட்பது எப்பேர்ப்பட்ட தண்டனை என்று உங்களுக்கே தெரியும்.

மிக்ஸி

குகட்பள்ளி ஹவுசிங் போர்டு காலனியில் ஒரு வீடு. படுக்கையறையில் பையன் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தான். ஆகவே ஹாலில் சேகரும் கணவரும், சமையலறையில் நானும் அந்த அம்மாளும். நடுவில் கதவு கிடையாது, ஒரு பூப்போட்ட திரைதான். கணவர் அங்கே செருமினால் இங்கே நன்றாகக் கேட்டது.

நான் முதல் கேள்வியைப் படித்ததும் அந்த அம்மாள் திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். எழுந்துபோய் மிக்ஸியில் தேங்காயைப் போட்டு ஓடவிட்டார். பிறகு என் காதருகே குனிந்து பதில் சொன்னார். அடுத்த கேள்விக்குப் பொட்டுக்கடலை. அதற்கும் அடுத்ததற்கு மறுபடியும் தேங்காய். கொஞ்சம் விவகாரமான கேள்வி வந்தால் மிக்ஸியின் வேகத்தைக் கூட்டினார். இவ்வளவு ஏற்பாடும் எதற்கென்றால், கல்யாணத்துக்கு முன்னால் வேலை பார்த்த இடத்தில் ஒருவர் மழைக்குக் குடை கொடுத்தாராம். இன்றைக்கும் மழை வந்தால் அவர் ஞாபகம் வருமாம். அவ்வளவுதான் விஷயம். அதைச் சொல்வதற்குள் அவருக்கு வேர்த்துவிட்டது. எனக்கு அவர் கையைப் பிடித்து "இதெல்லாம் ஒன்றுமே இல்லை" என்று சொல்ல வேண்டும் போலிருந்தது. தலையாட்டவே அனுமதியில்லை, கையை எங்கே பிடிப்பது.

முடிந்தபோது அடுப்பு மேடை முழுக்கச் சட்னிக் கிண்ணங்கள். வாசல்வரை வந்து வழியனுப்பியவர் மெதுவாகச் சொன்னார்: "அடுத்த தடவை கேள்வியைக் கொஞ்சம் குறைச்சுக்கிட்டு வாங்கம்மா. வீட்ல தேங்காய் தீர்ந்துபோச்சு."

வெங்காய மண்டிக்காரர்

போவன்பள்ளி காய்கறி மார்க்கெட்டில் வெங்காய மண்டி வைத்திருப்பவர் வீட்டுக்குப் போனோம். விடிவதற்கு முன்னாலேயே லாரி வந்துவிடும், அவரும் போய்விடுவார். மதியம் வீடு திரும்பிச் சாப்பிட்ட கையோடு படுத்துவிடுவார். நாங்கள் போனது அந்த இடைவெளியில். சேகர் ஹாலில் கேள்விகளை ஆரம்பித்தார். நான் உள்ளறையில் அவர் மனைவியிடம் ஆரம்பித்தேன்.

கொஞ்ச நேரத்தில் ஹாலில் பேச்சுச் சத்தம் நின்றது. எட்டிப் பார்த்தால், 'வேறொரு பெண்ணோடு வாழ்ந்திருந்தால் வாழ்க்கை இன்னும் சுவையாக இருந்திருக்குமா' என்ற கேள்விக்கு நடுவே மனிதர் நாற்காலியில் தலையைச் சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தார். சேகர் டேப்லெட்டை மடியில் வைத்துக்கொண்டு எழுப்பலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தார். மனைவி எழுந்து போனார். கணவரின் சட்டைப்பையிலிருந்து கண்ணாடியை எடுத்துப் பத்திரமாக வைத்தார். ஃபேனை அவர் பக்கம் திருப்பிவிட்டு என்னிடம் வந்து உட்கார்ந்தார். நான் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தேன்: உங்கள் கணவர் வேறு ஒருவரை நாடக்கூடும் என்ற சந்தேகம் உங்களுக்கு வந்ததுண்டா?

அவர் யோசிக்கவே இல்லை. "அதுக்கு முதல்ல அவர் முழிச்சிருக்கணுமேம்மா."

எந்தக் கட்டம்

மதுரைப்பக்கத்துப் பெண். கணவருக்கு மத்திய அரசு வேலை, ஊர் ஊராக மாற்றல். ஹைதராபாத் வந்து சில வருஷங்கள் ஆகின்றன. 'கணவர் அல்லாத ஒருவரிடம் மனம்விட்டுப் பேச வேண்டும் என்று தோன்றுவதுண்டா?' என்ற கேள்விக்கு அவர் 'அடிக்கடி' என்றார். 'அப்படிப் பேசக் கிடைத்தால் அன்றைய நாள் சந்தோஷமாக இருக்குமா?' அதற்கும் 'அடிக்கடி'. எங்கள் அளவுகோலின்படி இது பெரிய அபாயம். டேப்லெட் திரையில் சிவப்பாக ஒரு கோடு ஏறிக்கொண்டே போனது.

யார் அந்த ஒருவர் என்று விசாரிக்க வேண்டியது என் கடமை. விசாரித்தேன். பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிறவர்களாம். காய்கறிக் கடையில் முன்னால் நிற்கிறவர்களாம். தமிழ் முகமாகத் தெரிந்தால் போதுமாம், வலியப் போய்ப் பேச்சுக் கொடுப்பாராம். கணவர் வீட்டுக்கு வந்தால் செல்போனில் முங்கிவிடுவார். பிள்ளைகளிடம் இவர் தமிழில் கேட்டால் அவர்கள் தெலுங்கிலும் இங்கிலீஷிலும் பதில் சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். காலையிலிருந்து சாயந்திரம்வரை அவர் பேசுகிற தமிழுக்குத் தமிழில் பதில் வருவது டிவியிலிருந்துதான்.

நான் எதிரே ஆடாமல் அசையாமல் உட்கார்ந்திருந்தேன். அவருக்குக் கண் கலங்கிவிட்டது, எனக்கும்தான். சிவப்புக் கோட்டை அவரும் எட்டிப் பார்த்துவிட்டார். கோபப்படுவார் என்று நினைத்தேன், சிரித்தார். "யாராவது தமிழ்ல 'சாப்பிட்டியா'ன்னு கேட்டா அவங்க பின்னாடியே போயிருவேன்மா. அதை எந்தக் கட்டத்துல போடுவீங்க?"

வாடகைக்கு வீடு

நாள் முழுக்க வாயை மூடிக்கொண்டு அடுத்தவர்கள் பேச்சைக் கேட்கிறவர்களுக்குப் பேசுவதற்கென்று ஓர் இடம் வேண்டுமில்லையா? எங்களுக்கு அது சேகரின் ஸ்கூட்டர். அவர் பெண்ணுக்குக் கணக்கு வராதது, என் மாமியாருக்குக் கண் ஆபரேஷன் தள்ளிப்போவது, மேடத்தின் கோபம், இந்த ஊர் ஹோட்டல்களில் சாம்பாரில் எதற்காகச் சர்க்கரை போடுகிறார்கள் என்பது, எல்லாவற்றையும் ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்குப் போவதற்குள் பேசித் தீர்த்துக்கொள்வோம். மதியம் ஏதாவது பூங்காத் திண்டில் உட்கார்ந்து டப்பாவைத் திறந்தால் அங்கேயும் அதே பேச்சுத்தான்.

குகட்பள்ளியில் ஒரு தெரு. நாங்கள் கதவிலக்கம் தேடிக்கொண்டே மூன்று தடவை சுற்றிவந்தோம். பேசிக்கொண்டே சுற்றியதால் இலக்கம் கண்ணில் படவில்லை. மாடி பால்கனியிலிருந்து ஒரு தமிழம்மாள் கவனித்துக்கொண்டே இருந்திருக்கிறார். அவர் வீட்டு கேட்டில் வாடகைக்கு என்று போர்டு தொங்கியது. கீழே இறங்கி வந்து, இரண்டு பெட்ரூம், குழாயில் மஞ்சீரா ஆற்றுத் தண்ணீர் தட்டில்லாமல் வரும், சைவம் சமைக்கிற குடும்பமானால் முன்பணத்தைக் குறைத்துக்கொள்ளலாம் என்று அடுக்கினார். நாங்கள் புருஷன் பெண்டாட்டி இல்லை, ஒரே ஆபீஸ், சர்வேக்கு வந்திருக்கிறோம் என்று நான் அவசரமாகச் சொன்னேன்.

அவர் கொஞ்சமும் ஆச்சரியப்படவில்லை. "நானும் நினைச்சேன். புருஷன் பொண்டாட்டின்னா ஒரே வண்டியில இவ்வளவு பேசிக்கிட்டே போக மாட்டாங்களேன்னு."

என் வீட்டில்

இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம். சிரிப்பு போவன்பள்ளியில் என் வீட்டு வாசலோடு நின்றுபோனது. என் கணவர் வேலை பார்ப்பது பாலாநகரில் ஒரு தொழிற்சாலையில். பாலாநகரில் வேலை பார்க்கிறவர்களில் பாதிப்பேர் குடியிருப்பது குகட்பள்ளியில் என்பதை இந்த வேலைக்குச் சேரும்போது நான் யோசித்திருக்க வேண்டும். அவரோடு ஒரே ஷிஃப்டில் இருக்கும் ஒருவர் சொல்லிவிட்டார். உங்கள் வீட்டம்மாவைப் பார்த்தேன், ஒருத்தர் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து போனார்கள், நன்றாகச் சிரித்துக்கொண்டிருந்தார்கள், ஒரு வீட்டுக்குள் போனார்கள், வெகுநேரம் வெளியே வரவில்லை. ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை.

என் கணவர் சத்தம் போடுகிற ஆள் கிடையாது. அதன்பின் சில நாட்கள், என்னோடு உட்கார்ந்து காபி குடிக்கிறவர், டம்ளரை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போனார். பிறகு ஒரு நாள் காலையில் கேட்டார், அது என்ன சர்வே? குடும்ப வாழ்க்கை பற்றி என்றேன். குடும்ப வாழ்க்கையில் என்ன? சொல்லக் கூடாது, ஆபீஸ் கட்டுப்பாடு என்றேன். அதற்கு எதற்கு இரண்டு பேர்? அதையும் சொல்லக் கூடாது என்றேன். சொல்லும்போதே எனக்கு என் பதில் எப்படிக் கேட்கிறது என்று தெரிந்தது. ஆத்திரமாகவும் இருந்தது. இருபது வருஷத்துக்கு மேல் கூட வாழ்ந்தவரிடம் ஒரு ஸ்கூட்டருக்கு விளக்கம் சொல்ல வேண்டியிருக்கிறதே என்ற ஆத்திரம். கையெழுத்துப் போட்ட கட்டுப்பாட்டை மீறிச் சொல்லிவிடலாமா என்றால், நாளைக்கு மிக்ஸி அம்மாளின் முகத்தில் எப்படி விழிப்பது? என் வாயை நம்பித்தானே அவர் குடைக் கதையைச் சொன்னார்?

வேலையை விடு என்று சொல்வார் என்று எதிர்பார்த்தேன். அப்படிச் சொல்லியிருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன். அவர் டிபன் டப்பாவை மூடிக்கொண்டே சொன்னார்: "நீ சொல்லாததுகூட எனக்குப் பெரிசில்லை. சொல்லாம இருக்கறது உனக்குக் கஷ்டமாவே இல்லை பாரு, அதுதான்."

நக்கோ அக்கா

அன்றைக்கு ஸ்கூட்டரில் நான் பேசவில்லை. சேகர் இரண்டு தடவை திரும்பிப் பார்த்துவிட்டு வண்டியை ஓரமாக நிறுத்தினார். சொன்னேன். முதலில் சிரித்தார், பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டார். அவர் மனைவி ஏற்கெனவே என்னை வீட்டுக்கு அழைத்துப் பிரியாணி போட்டு, முழுசாகப் பார்த்து, திருப்திப்பட்டுக்கொண்டு அனுப்பியவர். என் வீட்டில் அப்படி ஒரு சடங்கு நடக்கவில்லை. என் கணவர் ஷிஃப்ட் முடிந்து வருவதற்கு முன்பே என்னை வாசலில் இறக்கிவிட்டுப் போகிற ஆளாகவே சேகரை வைத்திருந்தேன்.

வழி மேடத்திடம்தான் கிடைத்தது. தமிழ்க் கேள்விகளில் சில புரியவில்லை என்று புகார் வந்திருந்ததால் அவற்றை மாற்றி எழுதியிருந்தோம். மாற்றிய கேள்விகளை, ஆய்வுக் கணக்கில் சேராத சில வீடுகளில் சும்மா கேட்டுப் பார்க்க வேண்டும் என்றார் மேடம். தெரிந்தவர்களாகக்கூட இருக்கலாம் என்றார். பதில் சொல்லச் சம்மதிப்பவருக்கு எதைப் பற்றிய கேள்வி என்று முதலிலேயே சொல்லிவிடுவது முறை. என் கணவர் சம்மதித்தால் அவருக்கும் சொல்லலாம். கட்டுப்பாட்டை மீறாமல் என் வேலை என்ன என்று அவரிடம் சொல்வதற்கு, அவரையே பேட்டி எடுப்பதைத் தவிர வேறு வழியில்லை. மேடத்திடம் என் வீட்டைச் சொன்னேன், சரி என்றார். ஆனால் ஆணை ஆண்தான் கேட்க வேண்டும். எங்கள் ஆபீஸில் தமிழ் தெரிந்த ஆண் ஒரே ஒருவர்.

சேகர் ஹெல்மெட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். "நக்கோ அக்கா, வேணாம். உங்க வீட்டுக்காரரு என்னைத் தேடிக்கிட்டு இருக்கற டைம்ல, நானே போயி பெல் அடிக்கணுமா? கைக்கு அக்கா, எதுக்கு?"

சொரக்காய்

ஞாயிற்றுக்கிழமை காலை சேகர் வந்து பெல் அடித்தார். புதுச் சட்டை, கையில் பழம். பெண் பார்க்க வந்தவர் மாதிரி சோபா நுனியில் உட்கார்ந்தார். நான் அறிமுகம் செய்துவைத்தேன். என் கணவர் "ஓ, ஸ்கூட்டர்" என்று மட்டும் சொன்னார். சேகர் முறைப்படி ஆய்வு எதைப் பற்றியது என்று விளக்கிவிட்டுச் சம்மதமா என்று கேட்டார். என் கணவர் என்னைப் பார்த்தார். நான் தலையாட்டவில்லை, பழக்கதோஷம். அவர் சேகரிடம் திரும்பி, கேளுங்கள் என்றார். உடனே சேகர் என்னைப் பார்த்தார். அப்போதுதான் உறைத்தது. நான் காதுக்கு எட்டாத தூரம் போக வேண்டும்.

எத்தனையோ பெண்களைச் சமையலறைக்கும், எத்தனையோ ஆண்களை மொட்டைமாடிக்கும் அனுப்பியிருக்கிறேன். நான் கீழே இறங்கித் தெருவில் நின்றேன். காய்கறி வண்டி வந்தது. சும்மா நிற்க வெட்கமாக இருந்ததால் ஒரு சொரக்காய் வாங்கினேன். அதைக் குழந்தை மாதிரி இடுப்பில் வைத்துக்கொண்டு எங்கள் வீட்டு ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தேன். எந்தக் கேள்வியில் இருப்பார்கள் என்று மனசுக்குள் ஓட்டிப் பார்த்தேன். கேள்விகள் எல்லாம் எனக்கு மனப்பாடம். 'உங்கள் துணையிடம் பேசுவதைவிட வேறு ஒருவரிடம் பேசுவது எளிதாக இருக்கிறதா?' என்ற இடத்துக்கு வந்ததும் சொரக்காயை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டேன். அவர் என்னைச் சந்தேகப்படுகிறார் என்றுதான் அதுவரை வருத்தப்பட்டுக்கொண்டிருந்தேன். அவர் மனசில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியாது என்பது அந்தத் தெருவில் நிற்கும்போதுதான் தெரிந்தது. பயமாக இருந்தது. வழக்கமாக அரைமணியில் முடிகிற பேட்டி முடியவே இல்லை.

ஒருவழியாகச் சேகர் இறங்கி வந்தார். நான் கேட்டே விட்டேன், என்ன சொன்னார்? அவர் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டார். "சொல்லக் கூடாது அக்கா, ரூல் உங்களுக்கே தெரியும். மேல போங்க, காபி ஆறிடும்."

இரண்டு டம்ளர்

மேலே போனேன். என் கணவர் பால்கனிக்குப் போகாமல் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்திருந்தார். அவரே காபி போட்டிருந்தார். எதிரே இன்னொரு டம்ளரை எனக்காக மூடி வைத்திருந்தார். சொரக்காயை எங்கே வைப்பது என்று தெரியாமல் மேஜை நடுவிலேயே வைத்துவிட்டு உட்கார்ந்தேன். இதைத்தான் தினமும் போய்க் கேட்டுவிட்டு வருகிறாயா என்றார். ஆமாம் என்றேன். ஒவ்வொரு வீட்டிலும் இப்படியே கேட்டுக்கொண்டிருப்பாயா என்றார். ஆமாம் என்றேன். அதுதான் வீட்டுக்கு வந்தால் உனக்குப் பேச்சே இருப்பதில்லை என்றார். குற்றமாகச் சொல்லவில்லை, விடுகதைக்கு விடை கிடைத்தவர் மாதிரி சொன்னார். எனக்கு அழுகை வந்துவிட்டது, மறைக்கவில்லை.

நீங்கள் என்ன பதில் சொன்னீர்கள் என்று கேட்கத் துடித்தேன். கேட்பதற்கு எனக்கு உரிமையில்லை என்று வாயை மூடிக்கொண்டேன். அவர் டம்ளரைச் சுற்றிச் சுற்றித் திருப்பிக்கொண்டிருந்தார்.

"நல்ல பையன். நான் பேசி முடிக்கற வரைக்கும் குறுக்கே ஒரு வார்த்தை பேசலை. என்னை உக்காரவெச்சு யாரும் இப்படிக் கேட்டதே இல்லை. அடுத்த ஞாயித்துக்கிழமை நீ கேளு, எல்லாத்துக்கும் பதில் சொல்றேன்."

மேடத்தின் அளவுகோல் இன்னும் தயாராகவில்லை, ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் வீட்டில் நடக்கிற பேட்டி எந்தக் கணக்கிலும் சேராது, ஆனால் சக தொழிலாளிகளே, வாரம் முழுக்கச் சேர்த்துவைத்த தலையாட்டலையெல்லாம் நான் அங்கேதான் ஆட்டித் தீர்த்துக்கொள்கிறேன்.